உள்ளூர் மீட்டிங்கா, வாளையார் தாண்டியா? குடியை நிறுத்தியவர் எங்கே போய் உட்காருவது

வாளையார் எல்லைச் சாவடி இருக்கும் பாலக்காட்டுக் கணவாயின் இரு பக்கத்திலும் தமிழ் பேசுகிற குடிகாரருக்கு இரண்டு அரசுகள் கடை திறந்து வைத்திருக்கின்றன. கோவை, பொள்ளாச்சிப் பக்கம் டாஸ்மாக், பகல் 12 முதல் இரவு 10 வரை. பாலக்காட்டுப் பக்கம் பெவ்கோ, காலை 10 முதல் இரவு 9 வரை. தமிழ்நாட்டில் 1987 முதல் தடையில் இருக்கும் கள்ளும் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டாரத்தில் ஷாப்பு ஷாப்பாகக் கிடைக்கிறது. மாதம் முதல் தேதி கேரளத்தில் டிரை டே என்றால் வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் போதும். தமிழ்நாட்டில் கடை மூடும் விடுமுறைகளில், காந்தி ஜெயந்தி தவிர, பலவற்றுக்குக் கேரளத்தில் கடை உண்டு.

குடியை விடவும் இதே எல்லை உதவும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. இரண்டு மாநிலத்து மருத்துவமனைகள், குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசும் ஏஏ மீட்டிங்குகள் இரண்டு மொழிகளில், இரண்டு அரசுகளின் இலவசச் சேவைகள் எல்லாம் 50 கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. அவற்றில் எது யாருக்குப் பொருந்தும், எங்கே சறுக்கும் என்பதைப் பார்ப்போம்.

மீட்டிங்குக்கு முன்னால் மருத்துவரா?

சிலருக்கு முதல் நிறுத்தம் மீட்டிங் அல்ல, மருத்துவமனை. காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு கட்டிங் போட்டால்தான் நிற்கிறது என்ற நிலையில் இருப்பவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், இல்லாததைப் பார்த்ததாகவோ கேட்டதாகவோ உளறியவர், இவர்கள் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தக் கூடாது. கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 24 மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை பிதற்றல், காய்ச்சல், இதயத் துடிப்பு ஏறுதல் வரலாம். இது உயிரை எடுக்கும். ‘மனசு வெச்சா நிறுத்திடலாம்’ என்ற பேச்சுக்கு இந்த நான்கு நாளில் இடமில்லை. மருத்துவமனையில் நடுக்கத்துக்கான மாத்திரையை அளவு குறைத்துக்கொண்டே வருவார்கள். வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். நெடுநாள் குடித்தவருக்கு பி1 போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். அதனால், மயங்கிக் கிடப்பவரைத் தெருமுனை கிளினிக்கில் ‘ஒரு பாட்டில் ஏத்தி’ அனுப்புவதில் ஆபத்து இருக்கிறது. அவர் குடிப்பவர் என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

‘நான் சாராயம் தொடறதில்ல, கள்ளு மட்டும்தான்’ என்பது சித்தூர்ப் பக்கத்தில் அடிக்கடி கேட்கும் சாக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 180 மில்லி குவார்ட்டரில் 42.8% ஆல்கஹால். எடையில் சுமார் 60 கிராம். 5% உள்ள கள் ஒன்றரை லிட்டரிலும் ஏறக்குறைய அதே 60 கிராம்தான். காலையில் ஒன்று, மாலையில் இரண்டு என்று லிட்டர் கணக்கில் குடிப்பவருக்கு நடுக்கமும் வலிப்பும் ஒன்றுபோலத்தான் வரும்.

பொது மருத்துவமனைக்குப் போக வழிகள்: கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு, தமிழ்நாடு அரசு 2025-ல் அரசு மருத்துவமனைகளில் தொடங்கிய ‘கலங்கரை’ போதை மீட்பு மையங்கள், கேரள கலால் துறையின் விமுக்தி திட்டத்தின் மையங்கள். பாலக்காடு மாவட்டத்துக்கான விமுக்தி மையம் பாலக்காடு டவுனில் இல்லை, அட்டப்பாடியில் கோட்டத்தறை பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனையில் இருக்கிறது. கோவையிலிருந்து ஆனைகட்டி வழியாகப் போகிறவருக்கு அது மன்னார்க்காட்டைச் சுற்றி வருவதைவிடக் கிட்டம். எங்கே இடம் இருக்கிறது என்று கேட்க: மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, விமுக்தி 14405, மனநல ஆலோசனைக்கு டெலிமானஸ் 14416. டெலிமானஸில் தமிழும் மலையாளமும் கிடைக்கும்.

நடுக்கம் இல்லாதவர், வார இறுதியில் மட்டும் குடித்து நிறுத்த முடியாமல் தவிப்பவர், மருத்துவமனையிலிருந்து வந்துவிட்டவர், இவர்களுக்கெல்லாம் நேராக மீட்டிங்கிலிருந்தே தொடங்கலாம்.

ஏஏ: ஊருக்குள்ளா, எல்லைக்கு அப்பாலா

ஆல்கஹாலிக்ஸ் அநானிமஸ், சுருக்கமாக ஏஏ, 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரனில் ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவை மருத்துவரும் சந்தித்ததில் தொடங்கியது. இன்று கோவையிலும் பாலக்காட்டிலும் நடப்பது அதே அமைப்பின் கூட்டம்தான். சந்தா கிடையாது, பெயர் பதிவு கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால் சேரலாம், வேறு தகுதி கேட்பதில்லை. இடையில் ஒரு பை சுற்றிவரும். 10, 20 ரூபாய் போடலாம், போடாமலும் இருக்கலாம். அதில் டீயும் வாடகையும் நடக்கும். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்களின் விதிகளில் ஒன்று. ஏஏ மருத்துவமனை நடத்துவதில்லை, எந்த மையத்துக்கும் சான்று கொடுப்பதில்லை. ஆகவே ‘ஏஏ மறுவாழ்வு இல்லம், மாதம் இவ்வளவு ரூபாய்’ என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால், அது ஏஏ பெயரைச் சொல்லி வியாபாரம் செய்யும் வேறு யாரோ.

இது பலன் தருமா என்பதற்கு நல்ல ஆய்வு இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020-ல் வெளியிட்ட மதிப்பாய்வு 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் கணக்கில் எடுத்தது. ஏஏவில் முறையாகச் சேர வழிகாட்டப்பட்டவர்களில் ஓராண்டு முடிவில் சொட்டுக்கூடத் தொடாதவர்கள் 42%. மற்ற நிலைபெற்ற சிகிச்சைகளைப் பெற்றவர்களில் 35%. எல்லாருக்கும் வேலை செய்யும் மந்திரம் இல்லை என்பதும், காசு வாங்காத ஒன்றுக்கு இது சின்ன விஷயம் இல்லை என்பதும் இந்த இரண்டு எண்களிலேயே தெரிகிறது.

எங்கே போவது என்பதில் எல்லைக்காரருக்கு இரண்டு கஷ்டம். ஊருக்குள் கூட்டம் நடந்தால் தெரிந்தவர் பார்த்துவிடுவார். பொள்ளாச்சியில் தேங்காய் மண்டி வைத்திருப்பவர், பள்ளிக்கூட ஆசிரியர், கல்யாண வயதில் பெண் இருப்பவர், இவர்களுக்கு இது வெறும் வெட்கம் இல்லை, பிழைப்போடு சேர்ந்தது. எல்லை தாண்டினால் யாருக்கும் தெரியாது, ஆனால் மொழி மாறும், தூரம் கூடும், திரும்பும் பேருந்து போய்விடும்.

பெயர் வெளிவராமல் இருக்க, பாலக்காட்டுக் கூட்டம் மேல். ‘இங்க கண்டது இங்கயே’ என்பது ஏஏ பழக்கம்தான், ஆனால் சொந்த ஊரில் அது ஒவ்வொரு ஆளின் வாயைப் பொறுத்தது. 45 கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அந்தக் கவலையே வேண்டாம். இதைச் சொல்லி முடித்தவுடன் எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். முதல் மாதத்தில் மனிதரைக் காப்பாற்றுவது, ராத்திரி 7 மணிக்குக் கை அரிக்கும்போது 20 நிமிடத்தில் போய்ச் சேரக்கூடிய இடமும், கூப்பிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு வரக்கூடிய ஆளும். இரண்டும் உள்ளூரில்தான் கிடைக்கும். ரகசியம் காப்பதற்காகத் தூரமான இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள், மழை, விடுமுறை, பேருந்து ஸ்ட்ரைக் என்று மூன்றாம் வாரத்திலேயே நின்றுபோவது சகஜம்.

ஆகவே எங்கள் கணிப்பு இது. வாரத்தில் குறைந்தது இரண்டு கூட்டம் உள்ளூரிலோ அரை மணி நேரப் பயணத்துக்குள்ளோ இருக்கட்டும், மனம் திறந்து பேச வேண்டிய ஒன்று எல்லை தாண்டி இருக்கட்டும். உள்ளூரில் வெறுமனே உட்கார்ந்து கேட்டால் போதும். யாரும் கட்டாயப்படுத்திப் பேசவைப்பதில்லை. ‘இன்னைக்கு கேக்கறேன்’ என்றால் அடுத்தவரிடம் போய்விடுவார்கள். உள்ளூரில் பார்க்கிற ஆளும் அதே அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கும் உங்களைப் பற்றி வெளியில் சொல்ல முடியாது. இந்த ஒரு விஷயம் புரிய பலருக்கு இரண்டு மூன்று கூட்டம் ஆகிறது.

மொழி அச்சம் தேவைக்கு மேல் பெரிதாக்கப்படுகிறது. சித்தூர் தாலுகாவில் எருத்தேம்பதி, வடகரப்பதி பஞ்சாயத்துகளில் வீட்டில் பேசுவது தமிழ்தான். பாலக்காட்டுக் கூட்டத்தில் மலையாளத்தில் பேசுபவருக்கும் தமிழ் காதில் விழுந்தால் புரியும். ‘சேட்டா, ஞான் தமிழ்ல பேசிக்கட்டா’ என்று கேட்டால் போதும். புரியாத இடம் படிக்கும் பகுதி மட்டும்: குடியிலிருந்து மீள ஏஏ வகுத்திருக்கும் 12 படிகளையும் வாசிப்பார்கள். தமிழ்ப் பிரதி ஒன்றை முன்கூட்டியே கோவைக் கூட்டத்தில் வாங்கிக் கையில் வைத்திருந்தால் அதுவும் தீர்ந்தது. நெஞ்சில் அடைத்து வைத்திருப்பதை, அப்பாவை அடித்தது, மகளின் கொலுசை விற்றது போன்றதை, அரைகுறை மொழியில் சொல்ல முயலாதீர்கள். அது தமிழில்தான் வரும்.

கடவுள் விஷயம் இன்னொரு தடை. 12 படிகளில் பல இடங்களில் கடவுள் வருகிறார். ‘நாம் புரிந்துகொண்டபடியான’ என்ற அடைமொழியும் உடன் வருகிறது. பெரியார் வழியில் வளர்ந்தவர், கட்சித் தோழர், எந்தக் கோயிலும் போகாதவர் இங்கே முகம் சுளிப்பார்கள். அந்த இடத்தில் கூட்டத்தையே தனக்கு மேற்பட்ட சக்தியாக வைத்துக்கொண்டவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். கடைசியில் வரும் பிரார்த்தனையில் வாய் அசைக்காமல் நின்றால் யாரும் கேட்பதில்லை. கேரளப் பக்கம் கூட்டங்கள் பல நேரம் தேவாலய ஹாலிலோ பள்ளிக்கூடத்திலோ நடக்கும். வாடகைக்கு இடம் கிடைத்தது என்பதைத் தாண்டி அதில் மதம் இல்லை.

கண்டுபிடிப்பது எப்படி

ஏஏ இந்தியாவின் இணையதளத்தில் மாநிலம், ஊர் வாரியாகக் கூட்டப் பட்டியல் இருக்கிறது. அங்கே கிழமை, நேரம், இடம், தொடர்பு எண் இருக்கும். பட்டியலை நம்பி நேரே கிளம்பாதீர்கள். ஹால் மாறியிருக்கும், கிழமை மாறியிருக்கும், திருவிழாவுக்குப் பூட்டியிருக்கும். முந்தின நாள் போன் செய்யுங்கள், மாலையில். எடுப்பவர் ஒரு குமாஸ்தா அல்ல, குடியை விட்ட ஒருவர், பகலில் வேலையில் இருப்பார். முதல் முறை எடுக்காவிட்டால் ‘மீட்டிங் பத்திக் கேக்கணும்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள். உங்கள் முழுப்பெயர், ஊர், வேலை எதுவும் தேவையில்லை.

கேட்க வேண்டியவை: நாளைக்குக் கூட்டம் நடக்கிறதா, எத்தனை மணிக்கு முடியும். எந்த மொழியில் நடக்கிறது. ஓப்பன் மீட்டிங்கா, க்ளோஸ்டு மீட்டிங்கா. ஓப்பனுக்கு மனைவி, அண்ணன், நண்பர் யாரும் வரலாம். க்ளோஸ்டு குடிப்பவருக்கும் விட்டவருக்கும் மட்டும். மனைவியைக் கூட்டிக்கொண்டு க்ளோஸ்டுக்குப் போய் வாசலில் நிற்க வைத்ததால், இரண்டு பேரும் கோபித்துக்கொண்டு திரும்பிவிடுவது அடிக்கடி நடக்கும் கோளாறு. எந்தக் கேட், எந்த மாடி என்பதும் கேளுங்கள். போர்டு பெரிதாக இருக்காது. வட்டத்துக்குள் முக்கோணம், ‘ஏஏ’ என்று இரண்டெழுத்து, அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டிலிருந்து யாராவது கூட்டிப் போக முடியுமா என்றும் கேட்கலாம். அது உதவி கேட்பது இல்லை, புதியவரை அழைத்து வருவதை அவர்கள் தங்கள் சோபரை, அதாவது குடிக்காமல் இருப்பதைக் காக்கும் வேலையாகவே பார்க்கிறார்கள்.

எல்லை தாண்டுகிறவர் இன்னொன்றைக் கணக்குப் போட வேண்டும்: திரும்பும் வண்டி. கூட்டம் ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம். மாலை 6.30-க்குத் தொடங்கினால் 8 மணி. பாலக்காட்டிலிருந்து கோவை உக்கடத்துக்கு ஒன்றரை மணி நேரம். பொள்ளாச்சிக்குக் கோபாலபுரம் வழி அல்லது மீனாட்சிபுரம் வழி, இரவில் பேருந்து குறைவு. 9 மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் வண்டி இல்லாமல் நிற்கும் புதியவருக்கு மிக அருகில் இருப்பது எது என்று சொல்லத் தேவையில்லை. சனி, ஞாயிறு மதியக் கூட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை.

உள்ளே என்ன நடக்கும்

15 நிமிடம் முன்னதாகப் போங்கள். தாமதமாக நுழைந்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பதுபோல் தோன்றும். முதலில் கொஞ்ச நேரம் மௌனம், பிறகு ஒரு சிறு பிரார்த்தனை, வாசிப்பு, அதன்பின் ஷேரிங், அதாவது அவரவர் கதையைச் சொல்வது. ஒருவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது, அறிவுரை சொல்லக் கூடாது. ஒவ்வொருவருக்கும் ஐந்திலிருந்து பத்து நிமிடம். பெயரின் முதல் சொல் மட்டும் சொல்லி ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று தொடங்குவார்கள். அப்படிச் சொல்ல மனசு வராவிட்டால் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எங்கே கெட்டுப்போகும்? குடித்துவிட்டு வந்தால் உட்கார விடுவார்கள், பேச விடமாட்டார்கள், அவ்வளவுதான், அதற்காக வராமல் இருக்க வேண்டாம். இரண்டு, மூன்று பழைய ஆட்களே நேரம் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும் குரூப்பும் உண்டு. அப்படி இருந்தால் இன்னொரு குரூப்புக்குப் போங்கள், ஏஏவே மோசம் என்று முடிவு கட்ட வேண்டாம். நான்கு வெவ்வேறு கூட்டம் பார்க்காமல் தீர்ப்பு எழுதக் கூடாது என்பது எங்கள் விதி. இன்னொரு ஆபத்து: ‘மாத்திரை எடுத்தா அது சோபர் இல்ல’ என்று சில மூத்தவர்கள் சொல்வது. மருந்து விஷயத்தில் உறுப்பினர் யாரும் மருத்துவர் வேடம் போடக் கூடாது என்று ஏஏவின் சொந்த வெளியீடே சொல்கிறது. மனச்சோர்வு மருந்தை இப்படிக் கேட்டு நிறுத்தியவர்கள் பெரிய விலை கொடுத்திருக்கிறார்கள்.

நான்கைந்து கூட்டம் போனதும் ஸ்பான்சர் கேளுங்கள், அதாவது உங்களுக்கென்று வழிகாட்டும் ஒரு மூத்த உறுப்பினர். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது வழக்கம். குறைந்தது ஓராண்டு குடிக்காமல் இருப்பவர், உங்கள் போனை எடுக்கிறவர், உங்களிடம் கடன் கேட்காதவர். மூன்றாவது தகுதியை யாரும் புத்தகத்தில் எழுதவில்லை, ஆனால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனைக் குழுவும் அரசு நிதி பெறும் மையமும்

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் மருந்து இலவசம், மருத்துவர் கிடைப்பார், சில இடங்களில் குடும்பத்தாரோடு வாராந்தரக் குழுப் பேச்சும் உண்டு. குறை ஒன்றே: எல்லாம் வேலைநாள் காலையில். கயிற்றுத் தொழிற்சாலையிலோ செங்கல் சூளையிலோ தினக்கூலி வாங்குபவர் ஒரு நாள் கூலியை இழந்துதான் வர வேண்டும். அதனால் முதல் மாதத்துக்கு வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை மருந்துக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டு, மாலைக் கூட்டத்தை ஏஏவில் வைத்துக்கொள்வது நடக்கக்கூடிய ஏற்பாடு. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வரும். உங்கள் தாலுகாவுக்கு எந்தக் கிழமை என்று ஓபி சீட்டு எழுதும் இடத்திலேயே கேட்டால் கோவைக்கோ பாலக்காட்டுக்கோ போகும் செலவு மிச்சம்.

மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் நிதியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையங்களில் உள்நோயாளியாகத் தங்கலாம். வெளியே வந்த பிறகும் தொடர்பார்வை, குடும்ப ஆலோசனை உண்டு. பல மையங்களுக்குள்ளேயே ஏஏ கூட்டம் நடக்கிறது. வெளியாளும் வரலாமா என்று கேளுங்கள்.

தனியார் மையத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை மட்டும். மனநலச் சட்டம் 2017-ன் கீழ் இந்த மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்று சுவரில் இருக்கிறதா, மருத்துவர் தினமும் வருகிறாரா, நோயாளியை வீட்டார் பார்க்கலாமா, போன் பேசலாமா? இந்த நான்கில் ஒன்றுக்கு மழுப்பினால் திரும்பிவிடுங்கள். ராத்திரியில் வேன் அனுப்பிக் கட்டித் தூக்கிப் போவதாகச் சொல்லும் இடத்தில் அண்ணனையோ மகனையோ ஒப்படைக்காதீர்கள்.

போனில் நடக்கும் கூட்டம்

2020-க்குப் பிறகு ஜூம் கூட்டங்கள் பெருகின. தமிழிலும் மலையாளத்திலும் ஏஏ ஆன்லைன் கூட்டங்கள் நடக்கின்றன, கேமராவை அணைத்துவிட்டுக் கேட்கலாம். பெயர் வெளிவராமல் இருப்பதற்கு இதைவிட நல்லது இல்லை. வால்பாறை எஸ்டேட்டில், நெல்லியாம்பதியில் இருப்பவருக்கு வேறு வழியும் இல்லை. மலையில் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில் வீடியோவை அணைத்து ஒலி மட்டும் வைத்தால் தாங்கும்.

ஆனால் ஆன்லைன் மட்டும் என்று வைத்தவர்கள் மெல்ல நழுவுகிறார்கள். படுத்துக்கொண்டு கேட்பார்கள், இடையில் வாட்ஸ்அப் பார்ப்பார்கள், கடைசியில் சிலர் கையில் கிளாஸோடு கேட்பார்கள். நேரில் இருந்தால் பக்கத்து நாற்காலிக்காரர் மூக்கு அதை அனுமதிக்காது. அமெரிக்காவில் ‘90 நாளில் 90 கூட்டம்’ என்று ஒரு வழக்கு உண்டு. இங்கே அத்தனை நேரில் கிடைக்காது. நேரில் மூன்று, போனில் நான்கு என்று வாரத்தை நிரப்பினால் அந்தக் கணக்கு வந்துவிடும். போனை அதற்குத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடவுள், 12 படி எதுவும் வேண்டாம், காரண காரியத்தோடு பேசுங்கள் என்பவருக்கு ஸ்மார்ட் ரெகவரி இருக்கிறது. 1994-ல் தொடங்கியது. நடத்தை மாற்ற உளவியல் அடிப்படையில் பயிற்சித் தாள்கள், ஆசை எழும்போது என்ன செய்வது என்ற முறைகள் எல்லாம் உண்டு. பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஆன்லைனில் நடக்கிறது. ஆங்கிலம் சரளமாக வரும் ஐடி ஊழியருக்கு நல்லது, அது வராதவருக்கு இப்போதைக்கு இது கையில் இல்லை.

மாலை, கயிறு, மாத்திரை

இவற்றைக் கூட்டத்தோடு ஒப்பிடக் கூடாது என்பார்கள், ஆனால் எல்லையில் பெரும்பாலோர் முதலில் போவது இவற்றுக்குத்தான், எனவே பேசாமல் விட முடியாது. சபரிமலைக்கு மாலை போட்டால் 41 நாள் கண்டிப்பாகக் குடிக்கமாட்டார்கள், அது உண்மை. மாலை கழற்றிய அன்றே சிலர் பாட்டிலைத் தேடுவதும் உண்மை. 41 நாளில் உடம்பு தெளிந்திருக்கிறது, தூக்கம் திரும்பியிருக்கிறது, வேறு என்ன வேண்டும்? ஒன்றே ஒன்று: மாலை இருக்கும்போதே கூட்டத்துக்குப் போகத் தொடங்குவது. கழற்றும் நாளுக்குள் நான்கைந்து பேரின் போன் நம்பர் கையில் இருக்கும். குலதெய்வக் கோயிலில் கயிறு கட்டுவதும் அப்படித்தான், கயிறு இருக்கும் வரை ஊருக்கு முன் சத்தியம் காப்பாற்றுகிறது. அறுந்தால் ஊருக்கு முன் அவமானம், அந்த அவமானத்தில் இன்னும் அதிகம் குடிப்பவர்கள் உண்டு. சாலக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவத் தியான மையங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டம் கூட்டமாகப் போய்வருகிறார்கள், நம்பிக்கை உள்ளவருக்கு ஒரு வாரம் குடியிலிருந்து விலகி இருக்கக் கிடைக்கிறது. திரும்பி வந்த பிறகு வாராவாரம் போக ஒரு இடம் இல்லையென்றால் அது தொடராது.

‘தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்’ என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கும் மருந்து வேறு ரகம். டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உண்டு, அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழும். இதயம் பலவீனமானவருக்கு உயிராபத்து. மருத்துவர் மேற்பார்வையில், நோயாளிக்குத் தெரிந்தே, கடைசிக் குடிக்கு 12 மணி நேரமாவது கழிந்த பிறகே அதைத் தொடங்க வேண்டும். நிறுத்திய இரண்டு வாரம் வரை அதன் வீரியம் நிற்கும். அவருக்கே தெரியாமல் கலந்தால், அவர் கடையில் குடித்து ரோட்டில் விழுவார், ஏன் என்று யாருக்கும் தெரியாது. இதே மாத்திரையில் இருப்பவர் தசமூலாரிஷ்டம் போன்ற, புளித்து ஆல்கஹால் ஊறிய ஆயுர்வேத அரிஷ்டங்களையும், ஆல்கஹால் உள்ள இருமல் சிரப்பையும் தொடக் கூடாது. கேரளத்தில் மருத்துவர் சீட்டு இல்லாமல் அரிஷ்டம் வாங்குவது சாதாரணம், அதனால் சொல்கிறோம்.

வீட்டாருக்கு

மனைவி, அம்மா, பிள்ளைகளுக்கு அல்-அநான். 1951-ல் தொடங்கிய தனி அமைப்பு. குடிப்பவர் நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் வீட்டார் போகலாம், அதுதான் அதன் சிறப்பு. இங்கே ஏஏ அளவுக்கு அடர்த்தியாக இல்லை, ஆகவே உள்ளூர் ஏஏ தொடர்பாளரிடமே அல்-அநான் எங்கே என்று கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும். பெண்கள் குடிப்பதை ஊர் ஏற்காததால் பெண் குடிநோயாளிகளுக்குக் கலப்புக் கூட்டம் சங்கடம். பெண்களுக்கான ஆன்லைன் கூட்டத்தில் தொடங்கி, அங்கே கிடைக்கும் ஒரு பெண் தோழியோடு நேரில் போவது நல்ல வரிசை. கலப்புக் கூட்டத்தில் பழைய ஆண் உறுப்பினர் ‘நான் வழிகாட்டறேன் தங்கச்சி’ என்று தனியாகக் கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள். குரூப்பின் செயலாளரிடமும் சொல்லுங்கள்.

வாரத்தை அடுக்குவது

எந்தக் கூட்டம் என்பதைவிட எந்த மாலை என்பதுதான் கணக்கு. கொங்குப் பக்கத்தில் சனிக்கிழமை சம்பளம். பணம் கையில், வேலை இல்லை, நாளை ஞாயிறு, கறி எடுக்கிற நாள். ஆகவே சனி மாலைக் கூட்டத்தை உள்ளூரில் முதலில் நிச்சயித்துக்கொள்ளுங்கள், மற்ற நாட்கள் பிறகு வரட்டும். கூலியை வாங்க மனைவியை அனுப்புவதற்கோ வங்கிக் கணக்கில் போடச் சொல்வதற்கோ முதலாளியிடம் கேட்பதில் தப்பில்லை. ஞாயிறு பகல் எல்லை தாண்டிய கூட்டம், வேலைநாளில் இடையில் ஒரு நேர்க் கூட்டம், மற்ற நான்கு மாலையும் போன். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஹாலுக்கு டாஸ்மாக் இல்லாத தெருவாக ஒரு வழியை முதல் நாளே பகலில் நடந்து பார்த்துவையுங்கள், ஐந்து நிமிடம் கூடினாலும் பரவாயில்லை.

ஸ்லிப் ஆகிவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். ஒரு நாள் குடித்துவிட்டால் மறுநாள் அதே கூட்டத்துக்கு, அதே நாற்காலிக்குப் போங்கள். புது ஊர், புது குரூப் என்று தேடிக் கிளம்பினால் இடைவெளி விழும், அந்த இடைவெளியில் ஒரு நாள் ஒரு மாதமாகிறது. அறையில் இருக்கும் பாதிப் பேருக்கு அது நடந்திருக்கிறது. ‘நேத்து குடிச்சிட்டேன்’ என்றால் கைதட்டி மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். தொடர்ந்து சில நாள் நன்றாகக் குடித்துவிட்டவர் மட்டும் நேரே கூட்டத்துக்குப் போகாமல், கை நடுக்கம் தொடங்குவதற்குள் மருத்துவமனை ஓபிக்குப் போக வேண்டும். ஸ்பான்சரைக் கூடக் கூட்டிக்கொண்டு போகலாம். நிறைய ஸ்பான்சர்கள் இந்த வழியில் ஏற்கெனவே ஒருமுறை போய்வந்தவர்கள்தான், எந்தக் கவுண்டரில் சீட்டு எழுதுவார்கள் என்பதுவரை தெரியும்.